சைவமா, அசைவமா? நம் தட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை



புரட்டாசி முடிந்துவிட்டது. ஒரு மாதமாக ஈயோட்டிக்கொண்டிருந்த நம் படப்பை கறிக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் என்னைக் கேட்பார்கள்: "டீச்சர், நீங்க மட்டும் ஏன் கறி சாப்பிடுறதில்ல?"

இந்த வருஷம் கூடவே இரண்டு கேள்விகள் வந்தன. என்னிடம் 5-ஆம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். "என் பெரிய பொண்ணு திடீர்னு கறி வேணாங்குறா டீச்சர். வீட்ல தினம் சண்டை. மாமியார், ரத்தம் செத்துப் போயிடும்னு திட்டுறாங்க." இன்னொன்று எங்கள் உறவிலேயே. அவர்கள் பரம்பரையாகச் சைவம். பையன் ஹாஸ்டலில் பிரியாணி சாப்பிடுகிறான் என்று தெரிந்ததும் அவன் அம்மா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு வீட்டில் சாப்பிடாததற்குச் சண்டை, இன்னொரு வீட்டில் சாப்பிட்டதற்குச் சண்டை!

இருவருக்கும் போனில் சுருக்கமாகப் பதில் சொன்னேன். விரிவாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நான் சரித்திரப் பேராசிரியை இல்லை. செகண்டரி கிரேடு பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள். ஓய்வு பெற்ற பிறகு வாசிக்க நேரம் கிடைத்தது. வாசித்ததையும், அடுப்படியில் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'படப்பை' என்பது சங்க இலக்கியத்தில் வரும் சொல். வீட்டை ஒட்டிய தோட்டம், கொல்லைப்புறம் என்று பொருள். அந்தச் சங்க காலத்தில் நம் தொண்டை நாட்டு மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு ஒரு முழுப் பாட்டே சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. 500 அடிகள். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கி வந்த ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு. வழி என்றால் எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்பது மட்டும் இல்லை. எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதும் அதில் வருகிறது!

வேட்டையாடும் எயினர் குடியிருப்பில் மேட்டு நிலத்துச் சிவப்பரிசிச் சோறும் உடும்புக் கறியும். ஆடு மாடு மேய்க்கும் கோவலர் வீட்டில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்து உழவரிடம் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். வயல்வெளி உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும், வீட்டில் வளர்த்த பெட்டைக்கோழி வறுவலும். வலைஞர் குடியில் மீன். அந்தணர் வீட்டில் நல்ல நெல்லுச் சோறு, வெண்ணெயில் பக்குவம் செய்த மாதுளங்காய், மாவடு ஊறுகாய். கடற்கரைப் பட்டினத்தில் பன்றிக் கறி.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஒரே பயணத்தில் ஒரே பாணன் எல்லா வீட்டிலும் சாப்பிடுகிறான். உடும்பு சமைத்த வீட்டையும் மாவடு போட்ட வீட்டையும் புலவர் ஒரே மரியாதையோடுதான் சொல்கிறார். இரண்டு, யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பெரும்பாலும் அவர்கள் நிலமும் தொழிலும்தான் முடிவு செய்தன. காட்டில் இருப்பவனுக்கு உடும்பு, கடலோரத்தில் இருப்பவனுக்கு மீன்.

அந்தணர் என்றாலே சைவம்தான் என்ற கணக்கும் அந்தக் காலத்துக்குச் சரிவராது. கபிலர் தன்னை அந்தணன் என்றே சொல்லிக்கொண்ட புலவர். சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதன் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, "உங்கள் கை ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது?" என்று வியக்கிறான். அதற்குக் கபிலர் சொன்ன பதில் புறநானூற்றில் 14-ஆம் பாட்டாக இருக்கிறது. ஆயுதம் பிடித்து உன் கை கடினமானது, ஊனும் கறியும் சோறும் உண்பதைத் தவிர வேறு உழைப்பு அறியாததால் எங்கள் கை மெத்தென்று இருக்கிறது என்கிறார். கூச்சமே இல்லாமல் சொல்கிறார்.

அப்படியானால் "வேண்டாம்" என்ற குரல் எங்கிருந்து வந்தது? சமணமும் பௌத்தமும் அதை உரக்கச் சொன்னன. இரண்டுக்கும் நம் காஞ்சிபுரம் பெரிய இருப்பிடம். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலை இன்றும் போய்ப் பார்க்கலாம். மணிமேகலைக் காப்பியம் காஞ்சியில்தான் முடிகிறது. பசியால் வாடிய அந்த ஊருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வந்து சோறு போடுகிறாள்.

அந்தக் காப்பியத்தில் எனக்குப் பிடித்த இடம் சாதுவன் கதை. கப்பல் உடைந்து, மனிதரையே தின்னும் நாகர்கள் வாழும் மலையில் கரை ஒதுங்குகிறான். அவர்கள் மொழி தெரிந்ததால் உயிர் பிழைக்கிறான். தலைவனுக்கு அறம் சொல்கிறான். "இதையெல்லாம் விட்டால் நாங்கள் எதைத் தின்று வாழ்வது?" என்று தலைவன் நியாயமாகவே கேட்கிறான். சாதுவன் உடனே கீரையைக் காட்டவில்லை. கரை ஒதுங்கும் மனிதரைக் கொல்லாதே, மூப்படைந்து தானாகச் சாகும் விலங்கு தவிர மற்ற உயிர்களை விட்டுவிடு என்கிறான். எதிரில் இருப்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்த்து, அடுத்த படியை மட்டும் காட்டுகிறான். இது ஒரு நல்ல வாத்தியாரின் வேலை என்று நான் நினைப்பேன்.

திருவள்ளுவர் 'புலால் மறுத்தல்' என்று ஓர் அதிகாரமே எழுதினார். 26-ஆவது அதிகாரம். அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். இல்லறவியலில் இல்லை, துறவறவியலில் இருக்கிறது. அதனால் அது துறவிக்குச் சொன்னது என்று ஒரு சாரார் சொல்வார்கள். எல்லோருக்கும்தான் என்று இன்னொரு சாரார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின் 6-ஆவது குறளில் இருக்கும் வாதம் யாரையும் ஒரு நிமிடம் நிறுத்தும். "நானா கொல்கிறேன்? கடையில் விற்கிறது, வாங்குகிறேன்" என்று சொல்கிறவர்களுக்கு அது பதில். தின்பவன் இல்லையென்றால் விற்பவனும் இருக்க மாட்டான் என்கிறார். பொருளாதாரப் பாடம் முழுவதும் அந்த ஒன்றே முக்கால் அடியில் இருக்கிறது.

பிறகு பக்தி இயக்கம் வந்தது. சமணத்தோடு சண்டை போட்ட சைவம், புலால் உண்ணாமையைத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது. எந்த அளவுக்கு என்றால், சிவனைக் கும்பிடும் மதத்தின் பெயரே தமிழில் காய்கறிச் சாப்பாட்டுக்கும் பெயராகிவிட்டது. பெருமாளைக் கும்பிடும் ஐயங்கார் வீட்டுச் சாப்பாட்டையும் 'சைவச் சாப்பாடு' என்றுதான் சொல்கிறோம்! மொழியின் வேடிக்கை இது.

அதே சைவத்துக்குள்தான் கண்ணப்ப நாயனாரும் இருக்கிறார். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் நம் பக்கத்து ஊர்க்காரர், குன்றத்தூர். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராக இருந்தவர். குன்றத்தூரில் அவருக்குக் கோயிலே உண்டு. அவர் சொல்லும் திண்ணன் என்ற வேடன் காளத்தி மலையில் பன்றிக் கறியைச் சுட்டு, பதமாக இருக்கிறதா என்று கடித்துப் பார்த்து, நல்ல துண்டுகளைச் சாமிக்குப் படைக்கிறான். மறுநாள் வரும் சிவகோசரியார் பதறிப்போய்க் கழுவிச் சுத்தம் செய்து ஆகம முறைப்படி பூசை செய்கிறார். மறுபடி திண்ணன் வருகிறான், மறுபடி கறி. கடைசியில் இறைவன் சிவகோசரியாரின் கனவில் வந்து, ஒளிந்திருந்து பார், அவன் அன்பு தெரியும் என்கிறான். திண்ணன் தன் கண்ணையே பிடுங்கி அப்பும்போதுதான் அவருக்குப் புரிகிறது.

இந்தக் கதையில் சிவகோசரியாரைக் கறி சாப்பிடச் சொல்லவில்லை. திண்ணனைக் கறியை விடச் சொல்லவும் இல்லை. ஒருவரை ஒருவர் புரிந்துகொள் என்பதோடு விட்டுவிடுகிறார் சேக்கிழார். மாமிசம் படைத்தவர் 63 நாயன்மாரில் ஒருவராகச் சிவன் கோயில் பிரகாரத்தில் நிற்கிறார்.

ஆனால் சமூகம் அந்தக் கதையோடு நிற்கவில்லை. யார் என்ன தின்கிறார்கள் என்பது யார் வீட்டுக்குள் வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்பதற்கு அளவுகோல் ஆனது. அம்பேத்கர் 1948-இல் எழுதிய 'தீண்டப்படாதார்' நூலில், தீண்டாமைக்கும் மாட்டிறைச்சி உண்பதற்கும் உள்ள தொடர்பையே ஆராய்ந்தார். பெரியார் புலால் உணவைத் தயங்காமல் ஆதரித்துப் பேசினார். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற பெயர்ப் பலகையை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார். சாப்பாடு வேலியாக நிற்கும்போது, அந்த வேலியின் வெளியே நின்றவர்களுக்குக் கோபம் வருவது இயல்புதான்.

இதற்கு நடுவில் ஒருவர் வேறு வழியில் போனார். வள்ளலார். 1823-இல் சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணறில் வளர்ந்தவர். புலால் உண்ணக் கூடாது என்பதில் அவரைப் போலக் கண்டிப்பானவர் இல்லை. தம் நெறிக்கு உள்ளே இருப்பவர்களை அகவினத்தார் என்றும், புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்றும் பிரித்தே சொன்னார். ஆனால் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியபோது அவர் வைத்த விதி என்ன தெரியுமா? பசி என்று வந்தால் அகவினத்தார், புறவினத்தார் இருவருக்கும் சோறு போட வேண்டும். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஆட்டின் உயிருக்கு இரங்குகிறவன் மனிதனின் பசிக்கும் இரங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரக்கத்துக்கு அர்த்தமில்லை என்பதுதான் அவருடைய ஜீவகாருண்யம்.

காந்தியின் கதை வேறு விதம். வைணவக் குடும்பத்துப் பிள்ளை. இறைச்சி தின்றால்தான் வெள்ளைக்காரனைப் போலப் பலம் வரும் என்று ஒரு நண்பன் சொன்னதை நம்பி, வீட்டுக்குத் தெரியாமல் சில காலம் தின்றார். பெற்றோரிடம் பொய் சொல்லப் பிடிக்காமல் நிறுத்தினார். 1888-இல் லண்டன் போகும்போது மது, மாது, மாமிசம் தொடுவதில்லை என்று ஒரு சமணத் துறவியின் முன்னிலையில் தாய்க்குச் சத்தியம் செய்தார். லண்டனில் அந்தச் சத்தியத்துக்காக அரைப் பட்டினி கிடந்தார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. அங்கே ஹென்றி சால்ட் எழுதிய ஒரு சிறு நூலை வாங்கிப் படித்தார். அதைப் படித்த பிறகுதான் தாமே விரும்பிச் சைவரானதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதுவரை அது தாயின் முடிவு. அன்றிலிருந்து அது அவருடைய முடிவு. பிள்ளைகள் வளர்க்கும் எல்லோரும் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

மேலிருந்து உத்தரவு போட்டு இதை மாற்ற முடியுமா? அதற்கும் நம் மாநிலத்தில் ஒரு பாடம் இருக்கிறது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே வந்தது. ஊர்த் திருவிழாக்களில் கிடா வெட்டு பாட்டுக்கு நடந்தது. 2003 ஆகஸ்டில் அரசு அந்தச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல்படுத்த உத்தரவிட்டது. கிராமங்களில் பெரிய எதிர்ப்பு. "எங்க சாமிக்கு எங்க வழக்கம்" என்றார்கள். 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் உண்பவர்கள். வள்ளுவரையும் வள்ளலாரையும் தலையில் வைத்துக் கொண்டாடும் ஊர்தான் இது.

இனி என் கதை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எங்கள் அப்பா வீட்டில் கறி என்பது தீபாவளி, மாட்டுப் பொங்கல், ஆடியில் கூழ் ஊற்றுவது, குலதெய்வத்துக்குப் படையல், இவ்வளவுதான். அன்றைக்கு முழு ஊருக்கும் அப்படித்தான். வாரா வாரம் கறி என்பது என் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வசதி. கொல்லைப்புறத்தில் நாட்டுக்கோழி வளர்த்தோம். விருந்தாளி வந்தால் அடிப்போம். சுத்தம் செய்வது என் வேலை. முட்டையிடும் கோழியை அறுத்தால் வயிற்றுக்குள் முட்டைகள் சரம் சரமாக இருக்கும். நாளைக்கு இடப்போவது ஓடு கட்டியிருக்கும், அதற்கு அடுத்தது எலுமிச்சை அளவு மஞ்சள், அதற்கடுத்தது கோலிக்குண்டு, பிறகு சுண்டைக்காய், கடுகு. பிள்ளைகளுக்கு அதைத் தின்னப் போட்டியே நடக்கும். 1991-இல் ஒருநாள் அப்படி ஒன்றைக் கையில் வைத்திருந்தபோது, நாளைக்கு, நாளை மறுநாள், அடுத்த வாரம் என்று அந்தக் கோழியின் நாட்கள் எல்லாம் என் உள்ளங்கையில் இருப்பதாகத் தோன்றியது. குழம்பு வைத்தேன், பரிமாறினேன், நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகும் சாப்பிடவில்லை. அவ்வளவுதான் காரணம்.

பல வருடம் கழித்துப் பெரும்பாணாற்றுப்படை படித்தேன். அந்த எயினர் வீட்டு உடும்பைச் சொல்லும்போது, அதன் வயிற்றில் மணி மணியாகச் சினை முட்டை இருந்தது என்று புலவர் எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அதே இடத்தில் ஒரு கணம் நின்று பார்த்திருக்கிறார். அவர் சாப்பிட்டிருப்பார், அது வேறு விஷயம்!

நான் நிறுத்தியதும் யாரும் என் காரணத்தை நம்பவில்லை. மாமியார், நான் முழுகாமல் இருக்கிறேனோ என்று நாள் கணக்குப் பார்த்தார். ஓரகத்தி ஏதோ வேண்டுதல் என்றாள். சொந்தத்தில் சிலர், "வாத்தியாரம்மா ஐயர் வீடாயிட்டாங்க" என்று கேலி செய்தார்கள். எதிர்வீட்டுச் சைவக் குடும்பம் என்னைத் திடீரென்று கூடுதலாக மதிக்க ஆரம்பித்தது. கேலியைவிட அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் உறுத்தியது. முந்தின வாரம் வரை நான் அவர்கள் கண்ணுக்கு யாராக இருந்தேன் என்று அதில் தெரிந்துவிட்டதே. ஒரு மனுஷிக்குச் சொந்தமாக ஒரு காரணம் இருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சாதி, சாமி, நோய், இந்த மூன்றில் ஒன்றில் அடைத்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

இன்றைக்கும் என் வீட்டில் மீன் குழம்பு நான்தான் வைக்கிறேன். உப்பு மட்டும் என் வீட்டுக்காரர் பார்ப்பார். பள்ளியிலும் அப்படித்தான். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998-இல் வாரம் ஒன்று, 2010-இல் வாரம் ஐந்து நாளும் என்று ஆனது. முட்டை வேண்டாம் என்ற பிள்ளைகளுக்கு வாழைப்பழம். முட்டை போடும் நாளில் என் வகுப்பில் வருகை கூடும். சின்னப் பிள்ளைகளுக்கு உரிக்க வராது. நான் தொடாத முட்டையை என் கையால் எத்தனை உரித்துக் கொடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. என் கொள்கை என் தட்டில் இருக்கிறது. பசியோடு வரும் பிள்ளையின் தட்டில் அதை வைக்க எனக்கு உரிமை கிடையாது. முட்டையும் வாழைப்பழமும் ஒரே வரிசையில், ஒரே மரியாதையில் கொடுக்கப்பட்டதே, அதைத்தான் நான் சரியான பாடம் என்பேன்.

வெளியில் இன்னும் அப்படி இல்லை. என் தங்கை மகன் தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் வாடகை வீடு தேடி அலைந்தான். நல்ல வேலை, அட்வான்ஸ் கையில். "சைவமா?" என்பதுதான் முதல் கேள்வி. உண்மையைச் சொன்னான், வீடு இல்லை என்றார்கள். நான் போய்க் கேட்டிருந்தால் எனக்குக் கொடுத்திருப்பார்கள். அவனுக்கு இல்லாத வீடு எனக்கும் வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஒரு கோழிக்காக நான் எடுத்த முடிவு, என் பிள்ளையை வாசலில் நிறுத்தும் பூட்டாக மாறுவதில் எனக்குச் சம்மதமில்லை.

இப்போது அந்த இரண்டு வீட்டுக்கும்.

மகள் கறி வேண்டாம் என்கிறாளா? முதலில், "ஏன்டா கண்ணு?" என்று கேள். கேட்டுவிட்டு முழுதாகக் காது கொடு. சிரிக்காதே, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லாதே. ஒருவேளை இரண்டு நாளில் மாறினாலும் அவமானப்படாமல் மாற விடு. மாமியாரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. வயதுக்கு வரும் பருவம். பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, நிலக்கடலை, கீரை, எலுமிச்சை, பால், தயிர் எல்லாம் முறையாகக் கொடு. பி12 சத்து செடிகொடிகளில் அநேகமாகக் கிடையாது. பாலும் தயிரும் அவசியம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

மகன் பிரியாணி சாப்பிட்டானா? அவன் அதை உங்களிடம் மறைக்கவில்லை என்றால் அதற்கே சந்தோஷப்படுங்கள். வீட்டுச் சமையலறை உங்களுடையது, அங்கே உங்கள் வழக்கத்தை அவன் மதிக்கட்டும். வெளியில் அவன் தட்டு அவனுடையது. "தீட்டு" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அந்தச் சொல் அவனை மட்டும் சுடாது. அவனோடு ஒரே அறையில் இருந்து ஒரே பொட்டலத்தைப் பிரித்துத் தின்ற மற்ற பிள்ளைகளையும் சேர்த்துச் சுடும்.

சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் அப்பா காலத்தில் கோழியை அடிக்கும் முன் ஒரு கணம் தயங்குவார்கள், எலும்பு வரை வீணாக்க மாட்டார்கள். இப்போது கல்யாண மண்டபத்தில் பாதி தின்ற கோழிக்கால்கள் இலையோடு குப்பைக்குப் போகின்றன. உயிரைக் கொடுத்த உணவு அது. தேவையான அளவு வாங்குங்கள், வீணாக்காதீர்கள். இதற்குச் சைவமாக மாறத் தேவையில்லை.

தீபாவளிக்கு எப்போதும் போல எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மட்டன் குழம்பும் இருக்கும், வத்தக் குழம்பும் இருக்கும். இரண்டும் ஒரே கை வைத்ததுதான்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொந்தமாக முடிவெடுத்தவர்கள் இருந்தால், எந்தப் பக்கமாக இருந்தாலும், அவர்களின் காரணத்தைக் கேட்டு கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
படப்பை